தோற்ற தளபதிக்கு ஏன் அத்தனை பெரிய சிலை?

1869-ம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்தரப்பின் தளபதி ராபர்ட் ஈ. லீக்கு ஓர் அழைப்பு வந்தது. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் எந்தப் படை எங்கே நின்றது என்பதைக் கற்கள் நட்டுக் குறிக்கப் போகிறோம், அங்கே தென்தரப்புப் படையை நடத்தியவர் என்ற முறையில் நீங்களும் வர வேண்டும் என்றது அழைப்பு. லீ மறுத்துவிட்டார். போரின் புண்களைத் திறந்தே வைத்திருப்பதைவிட, உள்நாட்டுச் சண்டையின் தடயங்களை அழித்து, அது கிளப்பிய உணர்வுகளை மறதிக்கு விட்டுவிட்ட நாடுகளைப் பின்பற்றுவதே நல்லது என்று பதில் எழுதினார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1890 மே மாதம், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்கு பிரான்சிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்தது லீயின் வெண்கலச் சிலை. குதிரைமேல் அமர்ந்த கோலம், 21 அடி உயரம். ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தேர் வடம் பிடிப்பதுபோலக் கயிறு பிடித்து அந்தப் பெட்டிகளை இழுத்துப் போனார்கள். இழுத்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களும் உண்டு. மே 29 அன்று திறப்பு விழா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்கின்றன பதிவுகள். பீடத்தோடு சேர்த்து அது நின்ற உயரம் ஏறத்தாழ 60 அடி.

போரில் தோற்றவருக்கு, அதுவும் நினைவுச்சின்னமே வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவருக்கு, இத்தனை பெரிய சிலை எதற்கு? அமெரிக்காவில் 2015 முதல் இன்றுவரை ஓயாமல் நடக்கும் சிலைச் சண்டையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் சின்னங்கள் பொது இடத்தில் இருக்கலாமா கூடாதா என்றுதான் விவாதம் பொதுவாகப் பேசப்படுகிறது. அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு சறுக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தச் சிலைகளை வைத்தவர்கள், அவற்றை வைத்த காலத்தில், தோற்றவர்களாக இருக்கவில்லை.

போர் எதற்காக நடந்தது என்பதை முதலில் முடித்துவிடலாம். 1860-ல் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள், பெரும்பாலும் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்களில். அடிமை முறை மேற்கு நோக்கிப் பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதும், 1860 டிசம்பரில் தென் கரோலினா நாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அடுத்த சில மாதங்களில் மொத்தம் 11 மாநிலங்கள் சேர்ந்து கான்ஃபெடரசி என்ற தனி நாட்டை அமைத்தன. மாநில உரிமைக்காகத்தான் போர், அடிமை முறைக்காக அல்ல என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பதில் சொல்ல நாம் மெனக்கெட வேண்டியதில்லை, விலகியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மிசிசிப்பியின் பிரகடனம், எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கான்ஃபெடரசியின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கருப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு இதே ஸ்டீபன்ஸ், எல்லாம் அரசியலமைப்புச் சட்டம் பற்றிய கருத்து வேறுபாடு என்று பேச்சை மாற்றிக்கொண்டார் என்பது வேறு கதை.

நான்கு ஆண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1865 ஏப்ரல் 9 அன்று லீ சரணடைந்தார். அதோடு கதை முடிந்தது என்றுதான் பாடப்புத்தகங்கள் நிறுத்தும். சிலைகளின் கதை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

தோற்ற தரப்புத் தலைவர்களுக்கு என்ன ஆயிற்று? போர்க் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்டர்சன்வில் சிறை முகாமை நடத்திய ஹென்றி விர்ஸ் அவர்களில் ஒருவர். மற்றபடி 1868 கிறிஸ்துமஸ் அன்று பொதுமன்னிப்பு வந்தது. மேலே பார்த்த ஸ்டீபன்ஸ் 1873-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே திரும்பினார், பிறகு ஜார்ஜியா மாநில ஆளுநராகவும் ஆனார். விடுதலை பெற்ற கருப்பின மக்கள் கொஞ்ச காலம் வாக்களித்தார்கள், பதவிகளுக்கு வந்தார்கள். 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார், அந்த அவைக்குள் நுழைந்த முதல் கருப்பினத்தவர் அவர். 1877-ல் மைய அரசு தெற்கில் நிறுத்தியிருந்த தன் படைகளைப் பின்வாங்கிக்கொண்டதும் எல்லாம் தலைகீழானது. 1890-ல், ரிச்மண்டில் லீ சிலை எழுந்த அதே ஆண்டில், மிசிசிப்பி புதிய அரசியலமைப்பை எழுதியது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், எழுத்தறிவுத் தேர்வு எழுத வேண்டும் என்று விதிகள் போட்டு, கருப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. மற்ற தென்மாநிலங்களும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. லூசியானாவில் 1896-ல் 1,30,334 கருப்பின வாக்காளர்கள் பதிவு செய்திருந்தார்கள். 1904-ல் அந்த எண்ணிக்கை 1,342.

சிலைகளை இந்த எண்களோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்த உடனே எழுந்த நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் இடுகாடுகளில்தான் இருந்தன. ரிச்மண்டின் ஹாலிவுட் இடுகாட்டில் சுமார் 18,000 கான்ஃபெடரேட் வீரர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் 1869-ல் கட்டிய 90 அடிக் கல் பிரமிடு அப்படிப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அழுவதற்குக் கட்டிய இடம் அது. குதிரைவீரர்களும், துப்பாக்கியூன்றி நிற்கும் சிப்பாய்களும், நகரச் சதுக்கங்களுக்கும் நீதிமன்ற வாசல்களுக்கும் வந்தது பிறகு, பெரும்பாலும் 1890-களிலிருந்து 1920-கள் வரையிலான காலத்தில். அதாவது கருப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டு, ரயில் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்ட அதே காலத்தில். 1894-ல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட ‘கான்ஃபெடரசியின் புதல்விகள்’ என்ற பெண்கள் சங்கம்தான் இவற்றில் பலவற்றுக்கு நிதி திரட்டியது. அந்தச் சங்கம் சிலைகளோடு நிற்கவில்லை. தென்மாநிலப் பள்ளிகளில் எந்தப் பாடநூல் இருக்கலாம், எது கூடாது என்பதிலும் அதன் கை நீண்டது. அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், எஜமானர்கள் கனிவானவர்கள் என்றெல்லாம் மூன்று நான்கு தலைமுறைப் பிள்ளைகள் படித்து வளர்ந்தார்கள்.

வியாபாரக் கோணத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல ஊர்களில் நிற்கும் மலிவான சிப்பாய்ச் சிலைகள் துத்தநாகத்தில் வார்க்கப்பட்டவை. அவற்றைச் செய்து விற்ற நிறுவனம் ஒன்று இருந்தது வடமாநிலமான கனெக்டிகட்டில். வடக்குச் சிப்பாய், தெற்குச் சிப்பாய் இரண்டும் அங்கே கிடைக்கும்.

இந்தச் சிலைகள் என்ன சொல்ல வைக்கப்பட்டன என்பதைச் சிலர் மறைக்கவும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 1913-ல் திறக்கப்பட்ட சிப்பாய்ச் சிலைக்கு ‘சைலன்ட் சாம்’ என்று பெயர் நிலைத்தது. திறப்பு விழாவில் ஜூலியன் கார் என்ற தொழிலதிபர் பேசினார். போர் முடிந்து திரும்பிய காலத்தில், இந்த இடத்திலிருந்து நூறு கஜ தூரத்தில், ஒரு கருப்பினப் பெண்ணை அவள் பாவாடை கிழிந்து தொங்கும்வரை குதிரைச் சாட்டையால் அடித்தேன் என்று பெருமையாகச் சொன்னார். அந்த உரை பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டு கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் 20 இரவு போராட்டக்காரர்கள் அந்தச் சிலையைக் கயிறு கட்டிக் கீழே தள்ளினார்கள். சட்டப்படி அது தவறுதான். ஆனால் அந்த உரையைப் படித்த பிறகும் அது போரில் இறந்த மாணவர்களுக்கான அஞ்சலி மட்டும்தான் என்று வாதிடுவது கஷ்டம்.

அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அச்சில் வந்தது. வெள்ளையர்களின் பத்திரிகைகளில் வரவில்லை, அவ்வளவுதான். ‘ரிச்மண்ட் பிளானட்’ என்ற கருப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல், லீ சிலை திறப்பைக் கடுமையாக விமர்சித்தார். அடிமையாகப் பிறந்தவர் அவர். சிலை வேலையில் கருப்பினத் தொழிலாளிகளின் உழைப்பும் இருந்ததைக் குறிப்பிட்டு, லீ நினைவுச்சின்னத்தை நிறுத்தியது கருப்பினத்தவன்தான், காலம் வந்தால் அதை இறக்கவும் அவன் இருப்பான் என்று எழுதினார். 1890-ல்.

கொடியின் கதை இன்னும் குழப்பமானது. நீல நிறக் குறுக்குப் பட்டைகளில் வெள்ளை நட்சத்திரங்கள் கொண்ட சிவப்புக் கொடியை இன்று எல்லோரும் கான்ஃபெடரசியின் கொடி என்கிறார்கள். உண்மையில் அது லீயின் படை பிடித்த போர்க்கொடி. அந்த நாட்டின் முதல் தேசியக் கொடி வேறு. போர்க்கொடி மறுபடி அரசியலுக்கு வந்தது 1948-ல், கருப்பினத்தவருக்குச் சம உரிமை தருவதை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் தனிக்கட்சி அமைத்து அதிபர் தேர்தலில் நின்றபோது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. 1956-ல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் போர்க்கொடியைச் சேர்த்துக்கொண்டது. 1961-ல் தென் கரோலினா தன் சட்டமன்றக் கட்டடத்தின் மேல் அதை ஏற்றியது. போரின் நூற்றாண்டு என்று காரணம் சொன்னார்கள். நூற்றாண்டு விழா முடிந்தும் கொடி இறங்கவில்லை.

2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், ஒரு கருப்பினத் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் இருந்தவர்களை ஒரு வெள்ளை நிறவெறி இளைஞன் சுட்டான். ஒன்பது பேர் இறந்தார்கள். அவன் அந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. பத்து நாள் கழித்து ப்ரீ நியூசம் என்ற கருப்பினப் பெண் சட்டமன்ற வளாகத்தின் 30 அடிக் கம்பத்தில் ஏறிக் கொடியை அவிழ்த்து இறக்கினார். அவரைக் கைது செய்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடியை மறுபடி ஏற்றினார்கள். ஜூலை 10 அன்று மாநில அரசே அதை இறக்கியது. மிசிசிப்பிக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 2001-ல் மக்கள் வாக்கெடுப்பில் பழைய கொடியே போதும் என்று பெரும்பான்மையோர் சொன்ன அதே மாநிலம், 2020-ல் மக்னோலியாப் பூ போட்ட புதுக் கொடிக்கு பெரும் ஆதரவோடு வாக்களித்தது. ஜார்ஜியா செய்தது கில்லாடித்தனம். போர்க்கொடி வேண்டாம் என்ற நெருக்கடி வந்ததும், 2003-ல் புதிய மாநிலக் கொடி கொண்டுவந்தது. அந்தக் கொடி கான்ஃபெடரசியின் முதல் தேசியக் கொடியை ஒட்டியே இருக்கிறது. பலருக்கு அந்தப் பழைய கொடி எப்படி இருக்கும் என்றே தெரியாததால் பெரிய எதிர்ப்பு எழவில்லை.

சிலைகளை இறக்குவது கொடியை இறக்குவதைவிடக் கடினம். எடை மட்டும் காரணமில்லை. பல தென்மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. நகரம் விரும்பினாலும் மாநிலம் விடாது. பெரும்பாலான பெருநகரங்களில் கருப்பின மக்கள் கணிசமானோர், மாநிலச் சட்டமன்றங்களிலோ பெரும்பான்மை வேறு. அதனால் சண்டை பல இடங்களில் நகராட்சிக்கும் மாநிலத்துக்கும் இடையில் நடந்தது. அலபாமா 2017-ல் இயற்றிய சட்டத்தில் மீறினால் 25,000 டாலர் அபராதம். பர்மிங்ஹாம் நகரம் முதலில் தன் நினைவுத்தூணை மரப்பலகையால் மறைத்தது. 2020-ல் அபராதம் கட்டினாலும் பரவாயில்லை என்று தூணையே எடுத்துவிட்டது. டென்னசியின் மெம்ஃபிஸ் இன்னும் சாமர்த்தியம் காட்டியது. அங்கே இருந்தது நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டின் குதிரைச் சிலை. அடிமை வியாபாரி, சரணடைந்த கருப்பின வீரர்கள் கொல்லப்பட்ட பில்லோ கோட்டைத் தாக்குதலை நடத்தியவர், போருக்குப் பின் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பின் முதல் தலைவர். மாநிலச் சட்டம் பொதுச் சொத்தில் உள்ள சிலைகளை மட்டுமே காத்தது. சரி, அப்படியானால் சொத்து பொதுவாக இருந்தால்தானே? 2017 டிசம்பர் 20 அன்று நகராட்சி இத்தகைய சிலைகள் நின்ற இரண்டு பூங்காக்களையும் தலா 1,000 டாலருக்கு ஒரு தன்னார்வ அமைப்புக்கு விற்றது. அன்றிரவே கிரேன் வந்துவிட்டது. பீடத்துக்கு அடியில் ஃபாரஸ்டும் அவர் மனைவியும் புதைக்கப்பட்டிருந்ததால் வேலை முழுதாக முடிய 2021 ஆனது.

வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் இது உயிர்ப்பலியில் முடிந்தது. அங்கே 1924-ல் வைத்த லீ சிலையை அகற்றக் கோரி 2016-ல் ஒரு பள்ளி மாணவி மனு எழுதினார். அடுத்த ஆண்டு நகர மன்றம் 3-2 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. 2017 ஆகஸ்டில் நாடெங்கிலுமிருந்து நிறவெறிக் குழுக்கள் தீப்பந்தங்களோடு அந்த ஊரில் கூடின. எதிர்த்து நின்ற கூட்டத்துக்குள் ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹேயர் என்ற பெண் இறந்தார். தென்மரபைக் காக்க வந்தோம் என்றவர்களோடு நாஜி ஸ்வஸ்திகா கொடிகளும் வந்ததைப் பார்த்த பிறகு, அதுவரை நடுநிலையில் இருந்த பலர் பக்கம் மாறினார்கள். சிலை இறங்கியது 2021-ல். 2023-ல் அதை உருக்கினார்கள். அந்த உலோகத்தில் புதிய கலைப்படைப்பு ஒன்று உருவாக்குவதே திட்டம்.

ரிச்மண்டில் ஆளுநர் 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்த போராட்டங்களின் நடுவே, லீ சிலையை அகற்ற உத்தரவிட்டார். உடனே வழக்கு. 1890-ல் நிலத்தைக் கொடுத்தபோது சிலையை உண்மையோடு காத்து, அன்போடு பேணுவோம் என்று மாநிலம் பத்திரத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறது என்றார்கள் வழக்குப் போட்டவர்கள். வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2 அன்று சொன்ன பதில் இந்த விவாதம் முழுவதற்கும் முக்கியமானது. பொது இடத்தில் அரசு வைக்கும் சிலை என்பது அரசின் பேச்சு. இன்றைய மக்கள் ஏற்காத ஒன்றை என்றென்றும் பேசிக்கொண்டே இருக்கும்படி, நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் ஒப்பந்தம் அரசைக் கட்டிப்போட முடியாது. ஆறு நாள் கழித்து சிலை இறங்கியது. வேலையை ஏற்க முன்வந்த ஒப்பந்தக்காரர் டெவன் ஹென்றி ஒரு கருப்பினத்தவர். மிரட்டல்கள் காரணமாகக் குண்டு துளைக்காத அங்கி அணிந்து வேலை பார்த்தார். மிட்செல் எழுதி வைத்தது 131 ஆண்டுகள் கழித்து அப்படியே நடந்தது.

இனி மறுதரப்பு. சிலைகளை எடுக்காதீர்கள் என்பவர்கள் எல்லோரையும் நிறவெறியர்கள் என்று தள்ளிவிட முடியாது. கொள்ளுத்தாத்தா அந்தப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து செத்தவர் என்ற ஒரே பிணைப்போடு இருப்பவர்கள் உண்டு. அவருக்கு அடிமைகளே இருந்திருக்க மாட்டார்கள். இன்று லீ என்றால் நாளை வாஷிங்டன், ஜெஃபர்சன், அவர்களும் அடிமை வைத்திருந்தவர்கள்தானே, இது எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியும் வீண் பயமல்ல. 2020 ஜூனில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஒரு கூட்டம் தள்ளிவிட்ட சிலை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக்குடையது. அடிமை முறையை எதிர்த்துப் போராடி, வடக்குப் படையில் சேர்ந்து, போர்க்களத்திலேயே உயிரைவிட்டவர். சான் பிரான்சிஸ்கோவில் லீயைத் தோற்கடித்த தளபதி கிராண்டின் சிலையே விழுந்தது. கோபத்துக்கு வாசிக்க நேரமில்லை. வாஷிங்டனுக்கும் லீக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வாஷிங்டனுக்குச் சிலை வைத்தது அவர் அடிமை வைத்திருந்தும் செய்த வேறொன்றுக்காக. லீக்குச் சிலை வைத்தது அடிமை முறைக்காக எழுந்த அரசின் படையை நடத்தியதற்காக மட்டுமே. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் அவருக்குச் சிலை வைக்க வேறு காரணமே இல்லை. ஆனால் இந்தக் கோட்டை ஒரு நகர மன்றம் பல மாதம் விவாதித்துப் போட முடியும், நள்ளிரவுக் கூட்டத்தால் போட முடியாது.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற வாதம்தான் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. கான்ஃபெடரசியின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின், ரிச்மண்டில் 2020-ல் தள்ளப்பட்ட சிலை இரண்டு ஆண்டு கழித்து அங்குள்ள வாலன்டைன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. நிறுத்தவில்லை, மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். போராட்டக்காரர்கள் பூசிய இளஞ்சிவப்புச் சாயமும் அப்படியே. அந்தச் சிலையைச் செய்த எட்வர்ட் வாலன்டைனின் குடும்பப் பெயரில் இயங்கும் அருங்காட்சியகம்தான் அது, அவரது பட்டறையும் அங்கேயே இருக்கிறது. சிலை ஏன் எழுந்தது, யார் பணம் கொடுத்தது, ஏன் விழுந்தது என்பதை அங்கே ஒரு பிள்ளை அரை மணியில் தெரிந்துகொள்ளலாம். சாலை நடுவே நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் நின்றபோது அது இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

ஈழத் தமிழ் வாசகருக்கு இந்நேரம் வேறொரு நினைவு ஓடிக்கொண்டிருக்கும். தோற்ற தரப்பின் சின்னம் என்றால் அங்கே முதலில் மனதில் வருவது மாவீரர் துயிலும் இல்லங்கள். யாழ்ப்பாணத்தின் கோப்பாய் துயிலும் இல்லத்தை ராணுவம் தொண்ணூறுகளில் ஒருமுறை இடித்தது. போர்நிறுத்தக் காலத்தில் மறுபடி கட்டினார்கள். போர் முடிந்தபின் மறுபடி தரைமட்டமாக்கி, 2011-ல் அதன்மேல் ஒரு படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தார்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணையும் இரவோடு இரவாக இடித்தார்கள், எதிர்ப்பு வலுத்ததும் சில மாதங்களில் அது மறுபடி எழுந்தது. லீ சிலையை எடுத்தது சரி என்றால் இதுவும் சரிதானே என்று கொழும்பில் யாராவது கேட்டால்? இல்லை. இடித்தது கல்லறைகளை. ஹாலிவுட் இடுகாட்டுப் பிரமிடை யாரும் தொடவில்லை, தொட வேண்டும் என்று பெரிதாகக் கேட்கவுமில்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தில் அழும் தாயிடம், அவன் எந்தப் படையில் இருந்தான் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. தென்னிலங்கையில் இருமுறை ஆயுதக் கிளர்ச்சி செய்து தோற்ற ஜே.வி.பி. தன் தோழர்களுக்கு ஒவ்வொரு நவம்பரும் வெளிப்படையாக அஞ்சலி செய்கிறது, அதன் தலைவரே 2024-ல் நாட்டின் ஜனாதிபதி ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாகுபாடு இன்னும் துலங்கும். அதே சமயம், புலிக்கொடியை ஊர் நடுவே ஏற்றுவதா என்பது வேறு கேள்வி. 1990-ல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும், புலிகளின் கையாலேயே உறவுகளை இழந்த தமிழர்களும் அந்த ஊர் நடுவில் நடமாடுபவர்கள்தான். அவர்களையும் கேட்காமல் அதற்கு பதில் சொல்ல முடியாது. வழிபாடும் துக்கமும் இடுகாட்டில் நடக்கட்டும், பொதுச் சதுக்கம் எல்லோருடையது என்ற வேறுபாடு அமெரிக்காவிலும் இலங்கையிலும் ஒன்றுதான்.

2021-க்குப் பின் அமெரிக்காவில் காற்று மாறிவிட்டது. ராணுவத் தளங்களைப் பாருங்கள். கான்ஃபெடரேட் தளபதிகளின் பெயரில் இருந்த ஒன்பது தளங்களின் பெயர்களை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, அதிபர் டிரம்பின் தடையதிகாரத்தையும் மீறி. 2023-ல் ஃபோர்ட் பிராக் ஃபோர்ட் லிபர்டி ஆனது. பிராக்ஸ்டன் பிராக் தன் படையினராலேயே வெறுக்கப்பட்ட, முக்கியப் போர்களில் தோற்ற தளபதி, அவர் பெயர் எப்படி அங்கே வந்தது என்பதே ஆச்சரியம்தான். 2025-ல் டிரம்ப் அரசு பழைய பெயர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. கான்ஃபெடரேட் பெயர் கூடாது என்று சட்டம் தடுப்பதால் ஒரு தந்திரம் செய்தார்கள், அதே குடும்பப் பெயருள்ள வேறு வீரர்களைத் தேடிப் பிடித்தார்கள். இப்போதைய ஃபோர்ட் பிராக், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ரோலண்ட் பிராக் என்பவரின் பெயரால். ஃபோர்ட் லீ இப்போது ராபர்ட் லீ பெயரில் இல்லை, ஃபிட்ஸ் லீ என்ற கருப்பினச் சிப்பாயின் பெயரில். ஸ்பானிய-அமெரிக்கப் போரில் வீரப்பதக்கம் பெற்றவர். இதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தளபதி லீயின் ரசிகர்கள் இதைக் கொண்டாடினார்கள்.

தலைநகர் வாஷிங்டனில் 2020-ல் சாய்க்கப்பட்ட, கான்ஃபெடரேட் தளபதி ஆல்பர்ட் பைக்கின் சிலை 2025 அக்டோபரில் திரும்ப வந்து நின்றது. ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் 2023-ல் எடுக்கப்பட்ட கான்ஃபெடரேட் நினைவுச்சின்னத்தையும் திருப்பி வைக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். எஜமானனின் குழந்தையை ஏந்தி நிற்கும் அடிமைப் பெண்ணும், எஜமானன் பின்னால் போருக்குப் போகும் அடிமையும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இடுகாடே லீ குடும்பத்தின் தோட்டமாக இருந்த நிலத்தில் அமைந்தது.

எவராலும் தூக்கி எங்கும் கொண்டுபோக முடியாத ஒன்றும் இருக்கிறது. அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற கிரானைட் மலையின் முகத்தில் டேவிஸ், லீ, இன்னொரு கான்ஃபெடரேட் தளபதியான ஸ்டோன்வால் ஜாக்சன் மூவரும் குதிரைமேல் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 190 அடி அகலம், 90 அடி உயரம். 1915-ல் கு க்ளக்ஸ் க்ளான் மறுபிறப்பெடுத்தது இந்த மலை உச்சியில்தான். மார்ட்டின் லூதர் கிங் 1963 உரையில் சுதந்திர மணி ஒலிக்கட்டும் என்று வேண்டிய மலைகளில் இதுவும் ஒன்று. செதுக்கும் வேலை பல பத்தாண்டு தடைப்பட்டுக் கிடந்து, முடிந்தது 1972-ல், அவர் கொல்லப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்து. சிற்பத்தைத் தொடக்கூடாது என்று ஜார்ஜியா சட்டமே இருக்கிறது. அதனால் பூங்கா நிர்வாகம், அடிமை முறையையும் நிறப் பிரிவினையையும் க்ளானையும் பற்றிய கண்காட்சி ஒன்றை மலையடிவாரத்தில் வைக்கத் திட்டமிட்டது. எடுக்காதீர்கள், வேண்டுமானால் பக்கத்தில் விளக்கம் வையுங்கள் என்று சிலை ஆதரவாளர்கள் பல ஆண்டாகச் சொல்லிவந்ததைத்தான் செய்யப் போனார்கள். 2025-ல் கான்ஃபெடரேட் வீரர்களின் வாரிசுகள் சங்கம் அந்தக் கண்காட்சியை நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டது. இந்தப் பூங்காவை கான்ஃபெடரசியின் நினைவிடமாகப் பேண வேண்டும் என்பதுதான் சட்டம், அடிமை முறையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அல்ல என்பது அவர்கள் வாதம். மாநில அரசு அந்த மலையை வாங்கியது 1958-ல், பள்ளிப் பிரிவினைத் தீர்ப்பு வந்து நான்கே ஆண்டுகளில். எதற்காக வாங்கினார்கள் என்ற விஷயத்தில் வழக்குப் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை.